‘வீடியோ போனால் போதும், வழக்கு வேண்டாம்’: சாதி வெறுப்புப் பதிவுக்கு ஆளான வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

எழுதியிருப்பவர் 27 வயதுப் பெண். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன்பு காதலித்துத் திருமணம் செய்துகொண்டார். கணவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். இவர் பிற்படுத்தப்பட்ட சாதி ஒன்றைச் சேர்ந்தவர். திருமணம் முறைப்படி பதிவாகியிருக்கிறது. மகளைக் காணவில்லை என்று அப்பா புகார் கொடுக்க, இருவரும் காவல் நிலையத்துக்குப் போய், விரும்பித்தான் மணந்துகொண்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கணவர் வேலை பார்க்கும் ஊருக்கு வந்துவிட்டார்கள்.

போன மாதம் இவருடைய சித்தப்பா மகன், இவர்களின் வரவேற்புப் படங்களை வைத்து ஒரு ரீல்ஸ் செய்து, கணவரின் சாதிப் பெயரை வசவாக எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார். அதை ஒரு ஃபேஸ்புக் பக்கம் எடுத்துப் போட்டது. அங்கிருந்து சாதிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. நூற்றுக்கணக்கில் கமெண்ட்டுகள், அவற்றில் ஒரு கொலை மிரட்டலும். கோபம் தாங்காமல் கணவரின் தம்பியும் உள்ளே இறங்கி, இவருடைய சாதியை ஒட்டுமொத்தமாகத் திட்டிவிட்டார். இதற்கு நடுவில் சித்தப்பா மகனுக்காகப் பரிந்து அம்மாவின் போன்: “அவன் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறான், அவன் வாழ்க்கையைக் கெடுத்துடாதே.”

இவர் கேட்பவை: ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 66ஏ பிரிவில் புகார் கொடுக்கலாமா? இன்ஸ்டாகிராம் மீதே வழக்குப் போட முடியுமா? வாட்ஸ்அப் குழு அட்மினான மாமா மாட்டுவாரா? மூலப் பதிவை இப்போது அழித்துவிட்டார்கள், இனி ஒன்றும் செய்ய முடியாதா? பயமுறுத்துவதற்கு மட்டும் ஒரு புகார் கொடுத்துவிட்டு, வீடியோ போனதும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா?

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் நான்கு பக்கம் வசவுகளைப் பற்றி இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: “ஒருத்தன் ‘எங்க இருக்காங்க, அட்ரஸ் வேணும்’னு கேட்டிருக்கான், அதுக்குக் கீழ இன்னொருத்தன் எங்க தெருப் பேரைப் போட்டிருக்கான்.”

நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவேன். உங்களை அதிகம் அழவைத்தது வசவாக இருக்கலாம். ஒரு வழக்கறிஞராக எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அந்தத் தெருப் பெயர். சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களின் இருப்பிடத்தை ஒருவர் கேட்க, இன்னொருவர் சொல்வதை வெறும் இணையச் சண்டையாகப் பார்க்கக் கூடாது. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தம்பதிகளுக்குப் பாதுகாப்புத் தருவது காவல்துறையின் கடமை என்று சொல்லி, மாவட்டந்தோறும் தனிப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், தேவைப்பட்டால் பாதுகாப்பான தங்குமிடம் என்று வரிசையாக உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே முதல் மனு பாதுகாப்பு கேட்டு. நீங்கள் இப்போது இருக்கும் ஊரின் எஸ்.பி. அலுவலகத்தில், மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்தில், அந்த இரண்டு கமெண்ட்டுகளின் நகலோடு நேரில் கொடுங்கள். அந்தத் தீர்ப்பின் பெயரை மனுவில் எழுதுங்கள். வீடியோ, வசவு, அட்மின் எல்லாம் இதற்கு அப்புறம்.

சரி, இப்போது மற்றவற்றுக்கு வருவோம்.

66ஏ என்று ஒன்று இப்போது இல்லை

உங்களுக்கு அந்தப் பிரிவைச் சொன்னவர் பழைய ஞாபகத்தில் சொல்லியிருக்கிறார். ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும் பதிவுகளைக் குற்றமாக்கிய அந்தப் பிரிவை முழுவதுமாக ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகும் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் அந்தப் பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தன. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும், யார் மீதும் 66ஏ-யில் வழக்கு நடத்தக் கூடாது என்று சொல்ல வேண்டிவந்தது. உங்கள் புகாரில் அந்த எண் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் வசதி.

ஏன் ரத்து செய்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இந்தச் சட்டத்தின் எல்லை புரியும். 2012-இல் பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை அடைக்கப்பட்டதைப் பற்றி ஒரு இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். இன்னொரு பெண் அதற்கு லைக் போட்டார். இருவரையும் கைது செய்தார்கள். ‘எரிச்சலூட்டும்’, ‘அசௌகரியம் தரும்’ என்றெல்லாம் சட்டத்தில் எழுதி வைத்தால் இதுதான் நடக்கும். விவாதிப்பது வேறு, ஒரு கருத்தை வலியுறுத்துவது வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு. மூன்றாவதை எட்டும்போதுதான் பேச்சைத் தடுக்க முடியும் என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ‘வெறுப்புப் பேச்சு’ என்ற பெயரில் ஒரு குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) கிடையாது. அந்தச் சொல்லுக்கு விளக்கமும் அதில் இல்லை. இந்திய சட்ட ஆணையம் 2017-இல் தன் 267-ஆவது அறிக்கையில், இதற்கென்று இரண்டு புதிய பிரிவுகளைச் சேர்க்கச் சொன்னது. 2024 ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோதும் அவை சேர்க்கப்படவில்லை. எனவே இருக்கிற பிரிவுகளில் எது எந்தக் கமெண்ட்டுக்குப் பொருந்தும் என்று நாம்தான் பிரித்தெடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்

நானூறு ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் போட்டு, ‘இவர்கள் அனைவர் மீதும் நடவடிக்கை எடுக்கவும்’ என்று கொடுத்தால், விசாரணை அதிகாரி முதல் ஐந்தைப் படிப்பார். அந்த ஐந்தும் வெறும் கிண்டலாக இருந்துவிட்டால் புகாரின் கதை முடிந்தது. நீங்கள் அனுப்பியவற்றை நான் இப்படிப் பிரித்தேன்.

முதல் வகை, ‘வெட்கம் கெட்ட குடும்பம்’, ‘பெத்தவங்க வயித்தெரிச்சல் சும்மா விடாது’ போன்றவை. படிக்க வலிக்கும். ஆனால் இவை குற்றம் ஆகாது. பெரும்பகுதி இந்த வகைதான். விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் கணவரின் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியவை. சித்தப்பா மகனின் ரீல்ஸே இதில்தான் வருகிறது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இன் பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டும் இதற்குத்தான். பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் அவமதிப்பது, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம். இணையம் ‘பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடம்’ ஆகுமா என்ற கேள்வி 2022-இல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இணையத்தில் ஏற்றிய ஒரு வீடியோவை ஒருவர் எப்போது பார்த்தாலும், பாதிக்கப்பட்டவர் அங்கே நேரில் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. உங்கள் வழக்கில் ரீல்ஸ் யாரும் பார்க்கும்படி திறந்திருந்த கணக்கில் இருந்தது, அது நமக்குச் சாதகம். வாட்ஸ்அப் குழுவுக்குள் சொன்னது அவ்வளவு உறுதியானதல்ல. மூடிய குழு பொதுப் பார்வையா என்று வாதாடுவார்கள். அவன் சாதி எனக்குத் தெரியாது என்று உறவினர் சொல்லித் தப்ப முடியாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரடியாகத் தெரியும் என்றால், சாதியும் தெரிந்திருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் என்று பிரிவு 8 சொல்கிறது. தெரியாது என்று நிரூபிப்பது அவர் பாடு.

மூன்றாவது வகை ஒருவரைவிட்டு ஒரு சமூகத்தின் மேலேயே பாய்வது. ‘இவனுங்களே இப்படித்தான், நம்ம பொண்ணுங்களைக் குறிவெச்சு வர்றானுங்க, ஊருக்குள்ள விடக் கூடாது’ என்ற அந்த நீண்ட பதிவு. இங்கே 3(1)(யு) வருகிறது: எழுத்தாலோ பேச்சாலோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு எதிராகப் பகையையும் வெறுப்பையும் வளர்ப்பது. கூடவே பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டம் 153ஏ. மின்னணு வழியில் செய்வதையும் புதிய பிரிவு பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை.

இரண்டாம் வகையையும் மூன்றாம் வகையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஷாஜன் ஸ்காரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை அவமதித்தால் மட்டும் இந்தச் சட்டம் வந்துவிடாது, சாதியைக் காரணமாக வைத்து அவமதித்திருக்க வேண்டும். அதேபோல 3(1)(யு) வேண்டுமென்றால் வெறுப்பு அந்தச் சமூகத்தின் மேல் இருக்க வேண்டும், தனி ஒருவர் மேல் மட்டும் இருந்தால் போதாது. ஆக, எந்தக் கமெண்ட்டின் பக்கத்தில் எந்தப் பிரிவை எழுதுகிறோம் என்பதில்தான் இந்தப் புகாரின் பலம் இருக்கிறது.

நான்காவது, உங்கள் நடத்தையைப் பற்றி எழுதியவை. இங்கே ஒரு சிக்கல் உண்டு, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் அல்ல. அந்த மனிதரை மணந்ததற்காகத்தான் உங்களைத் திட்டுகிறார்கள் என்றாலும், உங்கள் மேலான வசவுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது. அந்தச் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவர் உங்கள் கணவர். உங்களுக்கு நியாய சன்ஹிதாவின் 79-ஆவது பிரிவு, பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கானது, இருக்கிறது. கொலை மிரட்டல் விடுத்த அந்த ஆளுக்கு 351. சாகடிப்பேன் என்று மிரட்டினால் ஏழு ஆண்டு வரை போகும். பெயரை மறைத்துக்கொண்டு போலிக் கணக்கிலிருந்து மிரட்டினால் கூடுதலாக இரண்டு ஆண்டு வரை.

இப்படிப் பிரித்த பிறகு என் கையில் நின்றது பதினோரு கமெண்ட்டும் மூலப் பதிவும்தான். இந்தப் பன்னிரண்டை வைத்துப் புகார் எழுதினால் அதிகாரி கடைசி வரை படிப்பார்.

எஃப்.ஐ.ஆர். பதியவைப்பது

சொந்த ஊருக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டுமே என்று பயப்படுகிறீர்கள். வேண்டாம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். மின்னஞ்சல் போன்ற வழியிலும் அனுப்பலாம். ஆனால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். அல்ல) ஒன்றைக் கையில் கொடுத்து, ‘ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசிடுவோம்மா’ என்பார்கள். அப்போது இதைச் சொல்லுங்கள்: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி எஃப்.ஐ.ஆர். பதிய முன்விசாரணை தேவையில்லை. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரி. அப்படியும் பதியவில்லை என்றால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

196-ஐ மட்டும் நம்பிப் போகாதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. அந்தப் பிரிவில் காவல்துறை வழக்குப் பதியலாம், விசாரிக்கலாம். ஆனால் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதி வேண்டும், அந்தக் கோப்பு எப்போது நகரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதோடு, மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை நடத்தவும் இடமிருக்கிறது. பேச்சு சம்பந்தப்பட்ட வழக்குகளில் இந்த முன்விசாரணையைச் செய்வதே நல்லது என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஒரு கவிதையை எக்ஸ் தளத்தில் போட்டதற்காக 196-இல் பதிந்த வழக்கு; நீதிமன்றம் ரத்து செய்தது. எதற்கெடுத்தாலும் புண்படுகிற மனதை வைத்து ஒரு பேச்சை அளக்கக் கூடாது, உறுதியான மனமுள்ள ஒரு சாதாரண மனிதரை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இது உங்களுக்கு இடைஞ்சலாகத் தோன்றலாம். நாளைக்கு நீங்கள் சாதியை எதிர்த்து ஏதாவது எழுதி, அதனால் எங்கள் மனம் புண்பட்டது என்று யாராவது புகார் கொடுத்தால், இதே தீர்ப்புதான் உங்களைக் காப்பாற்றும்.

வெறுப்புப் பேச்சு என்றால் யாரும் புகார் கொடுக்காமலே போலீஸ் வழக்குப் போட வேண்டுமாமே என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான். 2022-இல் டெல்லி, உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட் மூன்றுக்கும் அப்படி உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 ஏப்ரல் 28 அன்று எல்லா மாநிலங்களுக்கும் அதை விரித்தது. மனுவில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

இன்ஸ்டாகிராம் மீது வழக்கு?

சாத்தியம் குறைவு. ஐ.டி. சட்டம் 79-ஆவது பிரிவு, பிறர் போடும் பதிவுக்கு தளத்தைப் பொறுப்பாக்காமல் காப்பாற்றுகிறது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தும் எடுக்காவிட்டால்தான் அந்தப் பாதுகாப்பு போகும். அதே சட்டத்தின் 69ஏ பிரிவில் ஒரு பதிவை முடக்குவது அரசின் அதிகாரம். நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி மாதிரியான காரணங்களுக்குத்தான். சைபர் கிரைமில் சொன்னால் அன்றே பிளாக் ஆகிவிடும் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றமே.

ஆனால் வேறு கதவுகள் திறந்திருக்கின்றன. 2021-ஆம் ஆண்டின் ஐ.டி. விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள பெரிய தளம் என்றால் அவர் இந்தியாவில் இருக்க வேண்டும். உங்கள் புகார் வந்து சேர்ந்தது என்று 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவு சொல்வதற்கான கெடு திருத்தங்களில் மாறியபடி இருப்பதால், புகார் அனுப்பும் நாளில் நடப்பில் உள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். எல்லாம் ஆன்லைன்தான், கட்டணமும் வக்கீலும் இல்லாமல் நீங்களே செய்யலாம்.

‘ரிப்போர்ட்’ பொத்தானை அமுக்கும்போது, ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன். ‘வெறுப்புப் பேச்சு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெட்டா (இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கை நடத்தும் நிறுவனம்), யூடியூப் இரண்டுமே தங்கள் விதிகளில் சாதியைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. விளக்கம் எழுத இடம் இருக்கும் இடத்தில், அந்தத் தமிழ் வசவு என்ன, அது எந்தச் சமூகத்தை எப்படி இழிவுபடுத்தச் சொல்வது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுங்கள். வட்டார வழக்கில் உள்ள வசவு, அதுவும் எழுத்தைத் திரித்துப் போட்டது, அங்கே பார்ப்பவருக்கும் புரியாது, இயந்திரத்துக்கும் புரியாது.

இதைவிட வேகமான வழி ஒன்று உண்டு, நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். பதிப்புரிமை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. வரவேற்புப் படங்களுக்குப் பணம் கொடுத்தது நீங்களும் கணவரும்தானே. போட்டோகிராஃபருக்குக் கொடுத்த பில்லை அல்லது ஜிபே ரசீதைத் தேடி எடுங்கள். அதை வைத்து ஃபேஸ்புக் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் நகலின் மேல் பதிப்புரிமைப் புகார் கொடுங்கள். சாதி வெறுப்புக்கு அசையாத தளம் பதிப்புரிமைக்கு அசையும். அது எந்த லட்சணம் என்று கேட்காதீர்கள், எனக்கும் பதில் தெரியாது.

நீக்கும் முன் சேமியுங்கள்

மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன்பு இதை முடியுங்கள். பதிவு போய்விட்டால் உங்கள் கையில் இருப்பது மட்டும்தான் சாட்சியம். வெட்டாத முழுத் திரைப் படம். அதில் கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரிய வேண்டும். பதிவின் இணைப்பு, கணக்கின் இணைப்பு இரண்டையும் தனியாக எழுதி வையுங்கள், காட்சிப் பெயரை யாரும் எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். ரீல்ஸ் ஓடுவதையும், கமெண்ட்டுகளை மேலிருந்து கீழே தள்ளிப் பார்ப்பதையும் திரைப்பதிவு செய்யுங்கள். எந்த போனில் எடுத்தீர்களோ அதை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்தைத் தர, சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவில் ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய 65பி-யின் வாரிசு. இப்போது அது இரண்டு பகுதி: ஒன்று கருவியை வைத்திருப்பவர் கையெழுத்துப் போடுவது, இன்னொன்று நிபுணர் போடுவது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) எழுத வேண்டும். உங்கள் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார், அசல் கோப்பைத் திருத்தாமல் வைத்திருப்பது உங்கள் வேலை. கணவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கிருந்து திரும்ப இறக்கிய நகலை அசல் என்று கொடுக்காதீர்கள்.

மூலப் பதிவை அழித்துவிட்டார்கள் என்பதால் குற்றம் அழியாது. விதிகளின்படி புகாரால் நீக்கிய பதிவின் விவரங்களையும், மூடப்பட்ட கணக்கின் பதிவு விவரங்களையும் தளங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும். பயனர் தானே ஒரு பதிவை அழித்தால் அதே உறுதி இல்லை, அதனால்தான் அவசரம். அந்த விவரங்களை உங்களிடம் தர மாட்டார்கள், காவல்துறை நோட்டீஸ் அனுப்பினால் தருவார்கள். புகாரிலேயே ‘தரவுகளைப் பாதுகாக்கும்படி தளத்துக்கு உடனே எழுதக் கோருகிறேன்’ என்று ஒரு வரி சேருங்கள்.

மாமா, பகிர்ந்தவர்கள், கணவரின் தம்பி

அட்மின் என்பதற்காக மட்டும் மாமா மாட்ட மாட்டார். 2021-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் அப்படித்தான் சொல்லியிருக்கின்றன. இடையில் 2021 டிசம்பரில் நமது மதுரைக் கிளையும், அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லை என்றால் குற்றப் பத்திரிகையில் அவர் பெயர் இருக்கக் கூடாது என்றது. அந்த வீடியோவுக்கு மேல் அவரே ஏதாவது எழுதிப் பகிர்ந்திருந்தால் கதை வேறு.

‘நான் ஃபார்வர்டுதான் பண்ணேன்’ என்பது தப்பிக்கும் வழி இல்லை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் படிக்காமலே பகிர்ந்துவிட்டதாகச் சொன்ன முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரின் வழக்கை ரத்து செய்ய சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. வெறும் லைக் போட்டவர்களை விட்டுவிடுங்கள்.

கணவரின் தம்பி விஷயம் கொஞ்சம் கஷ்டமானது. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு சாதி முழுவதையும் சேர்த்துத் திட்டி அவர் எழுதியது, 196-இன் கீழ் எதிர்ப்புகார் கொடுக்கப் போதுமானது. கொடுப்பார்கள், வழக்கமாக நடப்பது அதுதான். இரண்டு புகாரையும் மேசையில் வைத்து, ‘ரெண்டு பேரும் வாபஸ் வாங்குங்க’ என்று சமரசம் பேசுவார்கள். தம்பி இனி ஒரு எழுத்தும் எழுதக் கூடாது. எழுதியதை நகல் எடுத்து வைத்துக்கொண்டு பொதுவெளியிலிருந்து எடுக்கட்டும். வழக்கறிஞரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வாபஸ் என்ற நினைப்பு

பயமுறுத்த ஒரு புகார், வேலை முடிந்ததும் வாபஸ். இது நடக்காது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்களை இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ள முடியாது, 196-உம் அப்படித்தான். மிகச் சில சூழல்களில் சமரசத்தை ஏற்று உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ வழக்கை ரத்து செய்யலாம் என்று 2021-இல் ராமாவதார் வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துப் புகார் எழுத முடியாது. அந்தச் சட்டத்தில் முன்ஜாமீனுக்குத் தடை இருக்கிறது. கைதாகித்தான் தீர வேண்டும் என்று இல்லை, ஆனாலும் அரசு வேலைக்கான சரிபார்ப்பில் நிலுவை வழக்கு இடிக்கும். அம்மாவின் பயம் பொய்யான பயம் இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? வழக்கு வேண்டாம், வீடியோ போனால் போதும் என்ற முடிவும் சட்டப்படி சரியான முடிவுதான். சேமித்துவிட்டு, பதிப்புரிமைப் புகார், குறைதீர் அதிகாரி, மேல்முறையீடு என்று மட்டும் போகலாம். சித்தப்பா மகனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். ஆனால் தெருப் பெயரைப் போட்டவனையும் கொலை மிரட்டல் விட்டவனையும் இந்தச் சலுகையில் சேர்க்காதீர்கள். அவர்கள் மேல் தனியாகப் புகார் கொடுங்கள். சித்தப்பா மகனின் விஷயத்தைப் பிறகு முடிவு செய்யலாம். ஓர் ஆண்டுக்கு மேல், மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு வழக்குத் தொடர மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

இதில் என் மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ‘எனக்கு வழக்கு வேண்டாம்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் என்ன சொல்கிறார் என்று ஓர் இடத்திலும் இல்லை. சாதிப் பெயரால் இழிவுபட்டவர் அவர், சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவரும் அவர்தான். திட்டியவர் உங்களுக்குத் தம்பி முறை, அவருக்கு அப்படி இல்லை. உங்கள் அம்மா உங்களிடம் கெஞ்சலாம், நீங்கள் அந்தக் கெஞ்சலை அவர் தோளில் இறக்கி வைக்கக் கூடாது. அவரை உட்காரவைத்துக் கேளுங்கள், அவர் வழக்கு வேண்டும் என்றால் நீங்கள் சாட்சியாக நிற்பீர்களா என்பதையும் யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

அவர் வேண்டும் என்று சொன்னால், பிரிவு 15ஏ-யைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர், சாட்சி இருவருக்கும் பாதுகாப்புக் கேட்கும் உரிமை உண்டு. எதிர்த்தரப்பு ஜாமீன் கேட்கும்போது உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, உங்கள் பேச்சையும் நீதிமன்றம் கேட்டாக வேண்டும். செலவுக்கு யோசிக்க வேண்டாம். பெண்கள் என்றாலும், பட்டியல் சாதியினர் என்றாலும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; இரண்டு வகையிலும் உங்கள் வீட்டுக்குத் தகுதி இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். போனில் கேட்க 15100. நாளைக் காலை எஸ்.பி. அலுவலகத்துக்குப் போகும்போதே அங்கேயும் ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள்.